அவங்கள் கை வைக்கமுதல்

ஒருவரை எனக்குப் பிடிக்காமல் போவதற்கு ஒரு தட்டு றோல்ஸ் போதும்.

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் எங்கள் குடியிருப்பில் பனி கரைந்து முடிந்ததும் டுக்னாட் என்று ஒரு சிரமதானம் வைப்பார்கள். எல்லாரும் கீழே இறங்கி, பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக்கல்லைக் கூட்டி அள்ளி, பற்றை வெட்டி, வாங்குகளுக்கு வர்ணம் பூசி, கடைசியில் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும். வேலைக்கு வராதவர்கள்கூடச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டம்தான். நான் விடிய எழும்பி மரக்கறி றோல்ஸ் சுற்றிப் பொரித்து, பெரிய தட்டில் கோபுரமாக அடுக்கி மேசையில் வைத்துவிட்டுக் குப்பைப் பை எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், எங்கள் படிக்கட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் கத்தியும் கையுமாக நின்று என்னுடைய றோல்ஸை ஒவ்வொன்றாகப் பாதியாக வெட்டிக்கொண்டிருக்கிறார். முக்கால்வாசி முடிந்துவிட்டது. உள்ளே வைத்த கிழங்கெல்லாம் மேசையில் கொட்டிக் கிடக்கிறது.

தலையில் முக்காடு போட்டிருந்தார். அரபுக்காரி, பன்றி இறைச்சி இருக்கிறதோ என்று கிளறிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது குடியிருப்புக்கே தெரிந்த விஷயம்.

"இது மரக்கறி. இறைச்சி ஒண்டும் இல்லை," என்றேன்.

"தெரியும். வாசத்திலேயே தெரிஞ்சது," என்றார்.

"பிறகேன் வெட்டினனீர்?"

அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். வேறு யாரோ வெட்டிவிட்டுப் போனதைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "பழக்கம்," என்று மட்டும் சொன்னார். நல்ல பழக்கம், கோதாரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நான் மற்றப் பக்கம் போய் இருந்துவிட்டேன்.

நாங்கள் கதைத்தது நொர்வேஜிய மொழியில். அவருடையதும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. இங்கே எழுதும்போது அது எனக்குத் தெரிந்த தமிழில்தான் வருகிறது. அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. கெய்ரோக்காரி என்று சொன்னால் போதும், கெய்ரோவில் எத்தனையோ இலட்சம் பெண்கள் இருக்கிறார்கள். இப்போது எங்கள் குடியிருப்பில் இல்லை. எங்கே போனார் என்பதையும் எழுத மாட்டேன், அவருடைய தாய் இன்னும் கெய்ரோவில்தான் இருக்கிறா.

அன்று பின்னேரமே கதவு மணி அடித்தது. கையில் ஒரு சட்டியோடு நின்றார். சுக்கினிக் காய்க்குள் சோறும் இறைச்சியும் வைத்து அவித்த சாப்பாடு, என் றோல்ஸுக்கு ஈடாகக் கொண்டுவந்திருக்கிறார். மூடியைத் திறந்தேன். அதையும் ஒவ்வொன்றாகப் பாதியாக வெட்டித்தான் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வாரும் என்றேன்.

முதல் மிடறு தேத்தண்ணி குடிக்கமுதலே, தான் விவாகரத்தானவர், பிள்ளை இல்லை, கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, நாட்டில் தன் மேல் வழக்கு இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு விவாகரத்தைப் பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல் பத்து வருஷம் ஒளித்து வைத்திருக்கத் தெரியும். கோயிலில் கேட்டால், அவர் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கொம்பனியில் வேலை, லீவு கிடைக்கிறதில்லை என்பார்கள். இந்த மனுசியோ வந்து இருந்த கையோடு எல்லாவற்றையும் என் மேசையில் விரித்துவிட்டார்.

பிறகுதான் வெட்டுகிற கதையைச் சொன்னார். கெய்ரோவில் அவர் அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவி செய்கிற ஒரு சின்ன அமைப்பில் இருந்தவர். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனதும் தாய்க்கு என்ன செய்வதென்று தெரியாது. எந்தச் சிறை, எந்த நாள், எந்த நிற உடுப்பு விடுவார்கள், என்ன சாப்பாடு கொண்டுபோகலாம் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. சிறை வாசலில் சாப்பாட்டை எல்லாம் சோதிப்பார்கள். உள்ளே ஏதும் வைத்துச் சமைத்திருந்தால் பிளந்து பார்ப்பார்கள், சோற்றுக்குள் விரலை விட்டுக் கிண்டுவார்கள், அதே கத்தியால் மீனையும் வெட்டிப் பழத்தையும் வெட்டுவார்கள்.

"அதாலை நாங்களே வீட்டிலை வெட்டிக்கொண்டு போவம். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாத்த உடனை தெரிய வேணும். அவங்கள் கை வைக்கமுதல் நாங்கள் திறந்து வைச்சிட்டால் அவங்களுக்கு அங்கை வேலை இல்லை. பிள்ளை சாப்பிடுற சாப்பாட்டுக்குள்ளை அவங்கடை விரல் போகக்கூடாது," என்றார்.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஊரில் யுத்த காலத்தில் ஆமியின் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலை நிலத்தில் விரிக்கச் சொல்லி, சப்பாத்துக் காலோடு மேலே நின்று பார்த்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். அந்தச் சோற்றை நான் சாப்பிடவில்லை. றோல்ஸ் கோபம் அன்றோடு போய்விட்டது.

அந்த அமைப்பை அரசாங்கம் மூடிவிட்டது. கூட வேலை செய்தவர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது இவர் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். இவர் கையில் அகப்படவில்லை என்று தம்பியைப் பிடித்தார்கள். தகப்பன் இல்லாத வீடு, பத்து வயது இளைய தம்பி, இவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் ஒரு கூட்டத்துக்கும் போனவனில்லை. அவன் இருக்கிற சிறைக்கு இப்போது தாய் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறா. எப்படிக் கட்டுவதென்று மகள் ஒஸ்லோவிலிருந்து போனில் சொல்லிக்கொடுக்கிறார்.

அந்த மனுசியோடு வெளியே போவது ஒரு தனிப் பாடு. குறொன்லாண்டில் சாமான் வாங்கப் போனால் நான் முருங்கைக்காய் தேடுவேன், அவர் உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பை தேடுவார். நிறப் பையில் எதையும் போட விடமாட்டார். கடைக்காரப் பெடியன் எரிச்சல்பட்டு, உங்களுக்கு என்னத்துக்கு அக்கா என்று கேட்டால், "உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்கும் தெரிய வேணும், உனக்கும் தெரிய வேணும்," என்பார். யார் வீட்டுக்குப் போனாலும் இருந்தவுடன் கைப்பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். எங்கள் வீட்டுக்காரர் முதல்நாள் பார்த்துவிட்டு, "இவ என்ன கடை போடுறாவோ," என்றார்.

ரயிலிலும் அப்படித்தான். நொர்வேக்காரர் ரயிலில் தும்முவதற்கும் யோசிக்கிற சனம். இவர் ஹொல்ம்லியாவில் ஏறினால் நகரம் வரும்வரை போனில் உரத்த குரலில் அரபு. ஒருநாள் அப்படிக் கதைத்து முடித்துவிட்டு, என்ன கதை என்று தானாகவே எனக்குச் சொன்னார். கெய்ரோவில் ஒரு தாயின் மகன் முகநூலில் ஏதோ எழுதிப் பிடிபட்டிருக்கிறான். தாய் முதல்தரம் பார்க்கப் போகிறா.

"வெள்ளை உடுப்புக் கொண்டுபோங்கோ, இறைச்சியிலை எலும்பை எடுத்துப்போடுங்கோ எண்டு சொன்னனான். முகத்தைக் கண்டவுடனை அழாதேங்கோ, அழுதால் குடுத்த நேரம் அதிலையே போயிடும். வெளியிலை வந்து ஆறுதலா அழலாம் எண்டும் சொன்னனான்."

"அதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? பெட்டியிலை இருக்கிற எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும். ஒளிச்சுக் கதைச்சால்தான் குற்றம்," என்றார்.

இன்னொருநாள் நகரத்தில் ஒரு மண்டபத்துக்குத் துணைக்கு வரச் சொன்னார். அரபு நாடுகளில் சிவில் சமூகம் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். கோட் போட்டவர்கள் திரையில் கோடுகளும் வட்டங்களும் காட்டிக் கதைத்தார்கள். நான் நித்திரை தூங்கி விழுந்தேன். இவருடைய முறை வந்தபோது, முன்வரிசையிலிருந்த ஒருவர் நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்: உங்கள் அமைப்பை மூடிவிட்டார்கள், அலுவலகம் இல்லை, ஆட்கள் உள்ளே அல்லது வெளிநாட்டில், இனி அங்கே என்ன மிச்சம் என்று.

"வரிசை மிச்சம்," என்றார் இவர். "விடியப்புறம் சிறை வாசல்லை பொம்பிளையள் வந்து நிப்பினம். முன்னுக்கு நிக்கிறவ பின்னுக்கு வாறவவுக்கு இடம் பிடிச்சு வைப்பா. புதுசா வந்தவவின்ரை பையைத் திறந்து, இது விடமாட்டாங்கள், இதை வெட்டுங்கோ எண்டு சொல்லிக் குடுப்பா. அலுவலகத்துக்குப் பூட்டுப் போடலாம். இதுக்கு என்னெண்டு பூட்டுப் போடுறது?"

எனக்கு நித்திரை கலைந்துவிட்டது. அன்று அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

சனிக்கிழமைகளில் பாராளுமன்றத்துக்கு முன்னால் சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சில நாள் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள், சில நாள் அவர் தனிய. ஊரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நாங்களும் ஒரு காலத்தில் அதே இடத்தில் கூட்டம் கூட்டமாக நின்று கத்தித் தொண்டை கட்டின ஆட்கள்தான். அதனால் நேரம் கிடைக்கும்போது நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

பிறகு இன்னொரு படம் வந்தது.

கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற அறை இருக்கிறது. நான் ஈர உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து போனை நீட்டினார். கடற்கரை வீடொன்றின் பல்கனி. கையில்லாத சட்டையோடு, முக்காடு இல்லாமல், முடியெல்லாம் காற்றில் பறக்க, இவர் ஒரு ஆணின் மடியில் இருந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். கீழே அரபில் ஏதோ எழுதியிருந்தது.

"எங்கடை அரசாங்க ஆக்கள் அனுப்பினது. சனிக்கிழமை நிக்கிறதையும் தாய்மாருக்குப் போன் எடுக்கிறதையும் விடட்டாம். ஒரு கிழமை தவணை. இல்லாட்டில் இதை எல்லா இடமும் போடுவினமாம். அம்மாவுக்கு அனுப்புவினமாம். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுவினமாம்," என்றார்.

"இது ஆர்?"

"விவாகரத்துக்குப் பிறகு எனக்கு விருப்பமா இருந்தவர். கலியாணம் செய்யத்தான் இருந்தம். சரிவரேல்லை. அவர் இப்ப வேறை நாட்டிலை. எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது."

எல்லாவற்றையும் திறந்து வைக்கிற மனுசி திறக்காமல் வைத்திருந்தது இது ஒன்றுதான். அதைத் தேடிப்பிடித்து எடுத்திருக்கிறார்கள், அறுவான்கள்.

வீட்டில் சொன்னேன். "கொஞ்ச நாளைக்குப் பேசாமல் இருக்கச் சொல்லும். தம்பி உள்ளுக்கு இருக்கிறான், இவவின்ரை மானமும் போகுது. ஏன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மேல்மாடியில் அவர் வீட்டுக்குப் போய் அவரிடம் அதையே சொன்னேன்.

"நான் சும்மா இருந்தால் அடுத்த மாதம் இந்தப் படத்தைக் காட்டி வேறை ஒண்டு கேப்பாங்கள். பிறகு ஆர் ஆருக்குப் போன் எடுத்தனான் எண்டு பேர் கேப்பாங்கள்," என்றார். பிறகு, "என்ரை மானத்தைப் பற்றிப் பயமில்லை. தம்பியை நினைக்கத்தான் பயம். சின்னனிலை எனக்கு ஆரும் ஏதும் சொன்னால் கல்லெடுத்துக்கொண்டு போறவன். அந்தக் கூட்டுக்குள்ளை அவன் நம்பிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது என்னை ஒருத்தியைத்தான். அவங்கள் சிரிச்சுச் சிரிச்சு இதைக் காட்ட, அவன் என்னை வெறுத்திட்டால் அவன் உள்ளுக்கை முடிஞ்சிடுவான்," என்றார்.

தம்பியோடு இவர் கதைக்க வழியில்லை. பார்க்கப் போகிறவ தாய். ஆகவே முதலில் தாய்க்குச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். "உமக்கு அரபு விளங்காது. அதாலைதான் உம்மைக் கூப்பிட்டனான். பக்கத்திலை ஒராள் வேணும், ஆனால் நான் சொல்லுறதை ஒருத்தரும் கேக்கக்கூடாது," என்றார். குசினி மேசையில் எதிரே இருந்தேன். படத்தைத் தானே தாய்க்கு அனுப்பினார். தாய் பார்த்துவிட்டா என்று தெரிந்ததும் போன் எடுத்தார். எனக்கு விளங்கியது "மாமா" என்ற ஒரு சொல் மட்டும்தான். அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவருடைய குரல் ரயிலில் கேட்கிற குரலாக இல்லை. பள்ளிக்கூடத்தில் பிழைவிட்ட பிள்ளை கதைப்பதுபோல மெல்லமாக, நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அம்மா வைச்சிட்டா," என்றார்.

திரும்ப எடுத்துப் பார்த்தார். தாய் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவர் சமைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான்தான் புட்டும் சாம்பாரும் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி அப்படியே திரும்பி வரும்.

சனிக்கிழமை வந்தது. "குளிருது, காரிலை கொண்டுபோய் விடுறன்," என்று வந்த எங்கள் வீட்டுக்காரர், காரை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்து தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு எங்களோடேயே நின்றார். அன்று மிரட்டலைக் கேள்விப்பட்டோ என்னவோ கொஞ்சம் கூடுதலான சனம். கெய்ரோக்காரி தம்பியின் படத்தை என் கையில் தந்துவிட்டு ஒலிபெருக்கியை வாங்கி, முதலில் அரபிலும் பிறகு நொர்வேஜியத்திலும் சொன்னார்.

"இண்டைக்கோ நாளைக்கோ என்ரை படம் ஒண்டு வரும். அதிலை இருக்கிறது நான்தான். வெட்டி ஒட்டின படம் இல்லை. பக்கத்திலை இருக்கிறவர் நான் விரும்பின மனுசன். அதைக் காட்டித்தான் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லுகினம்."

அரபு ஆண்கள் சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பதாகையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வயதான ஒரு சிரியாக்கார அம்மா வந்து, என் கையிலிருந்த படத்தின் மற்றக் கரையைப் பிடித்துக்கொண்டா. சொன்னபடி அன்றைக்கே படம் வெளியில் வந்தது. கீழே சனம் எழுதியதையெல்லாம் இவர் வாசிக்கவில்லை. போன் வரும்போதெல்லாம் தாயோ என்று எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

தாய் சிறைக்குப் போகிற நாள் அடுத்த கிழமை நடுவில் வந்தது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை, சுகமில்லை என்று சொல்லிவிட்டு அவரோடு இருந்தேன். தாய் போயிருப்பாவோ, போனாலும் என்ன சொல்லியிருப்பாவோ, ஒன்றும் தெரியாது. மத்தியானம் தாண்டிப் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தார். இந்த முறை தாய்தான் கதைத்தா. இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் கோவமாம்," என்றார். "படத்துக்கு இல்லையாம். அப்பிடி ஒராள் இருந்ததைத் தனக்கு ஏன் அப்பவே சொல்லேல்லை எண்டு கோவமாம். அதாலைதான் போனை வைச்சவவாம்."

"தம்பி?"

"அம்மா போன உடனை அவனுக்கு எல்லாம் சொல்லிப்போட்டா. ஆரும் சொல்லமுதல் தான் சொல்ல வேணும் எண்டு சாப்பாட்டைக் குடுக்கமுதலே சொன்னவவாம். நேரம் முடியுற மாதிரி அதிகாரி ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு வந்து, ரெண்டு பேருக்கும் முன்னாலை போனை நீட்டினவனாம்."

நான் கதிரையை இழுத்துக்கொண்டு அவருக்குக் கிட்டப் போய் இருந்தேன்.

"தம்பி குனிஞ்சு கிட்டப் போய்க் கனநேரம் பாத்தவனாம். பிறகு அந்த அதிகாரியிட்டைக் கேட்டவனாம்: இஞ்சை படம் ஒண்டும் உள்ளுக்கு விடமாட்டியள், அக்காவின்ரை முகம் எனக்கு மறந்துகொண்டு போகுது, இன்னொருக்கால் காட்டுங்கோ எண்டு."

"அந்த அதிகாரி என்ன செய்தவன்?"

"போனைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு போயிட்டானாம்."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. எழும்பி அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அத்தனை நாளும் அழாதவர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

"காட்டியிருக்கலாம்," என்றார். "அவன் கேட்டவன்தானே. இன்னொருக்கால் காட்டியிருக்கலாம்."